மைனஸ் 33-இல் ஒரு குருவி ராத்திரியைத் தாண்டுவது எப்படி தெரியுமா?

2019 ஜனவரி 30. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம். வடதுருவக் குளிர் தெற்கே சரிந்து இறங்கியதில் மினியாபொலிஸ் நகரத்தில் அன்று காலை மைனஸ் 33 டிகிரி செல்சியஸ். பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். பனிக்கும் புயலுக்கும் அசராத தபால்துறையே அன்று அங்கே கடிதம் கொடுப்பதை நிறுத்திவைத்தது. மறுநாள் அதே மாநிலத்தின் வடகிழக்கில் காட்டன் என்ற சிற்றூரில் மைனஸ் 49! வெளியே கையுறை இல்லாமல் சில நிமிடம் நின்றால் விரல் மரத்து, வெளுத்து, உறைந்தே போகும்.

ஆனால் அந்தச் சீமையில் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே பறவைக்குத் தீனி போடும் ஃபீடர் ஒன்று தொங்கும். விடிந்தும் விடியாத நேரத்தில் கறுப்புத் தொப்பி வைத்தாற்போல ஒரு குட்டிப் பறவை விர்ரென்று வரும். ஒரே ஒரு சூரியகாந்தி விதையை எடுக்கும். பக்கத்துக் கிளைக்குப் போய் இரண்டு கால்களுக்கும் நடுவே அதை இடுக்கிக்கொண்டு, அலகால் தட்டித் தட்டி உடைத்துத் தின்னும். மறுபடி வரும். மைனஸ் 33 என்றாலும் வரும்!

அதன் பெயர் சிக்கடீ. நம் கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் திரியும் பட்டாணிக்குருவிக்குப் பங்காளி, ஒரே குடும்பம். எடை எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 11 கிராம். ஒன்றரைப் பவுன்கூட இல்லை! ஒன்றரைப் பவுன் உயிர் ஒன்று, இரும்பையே விறைக்கவைக்கும் குளிரில், கம்பளி இல்லாமல், நெருப்பு இல்லாமல், எப்படி உயிரோடு இருக்கிறது?

உடல் சிறுத்தால் குளிர் சீக்கிரம் ஏறும். யானைக்கு உடம்பு பெரிது, அதற்கு ஏற்ற அளவில் தோல் குறைவு. குருவிக்கு நேர்மாறு: உடம்பு கொஞ்சம்தான், சூடு கசிகிற பரப்போ அதிகம். அதிலும் பறவையின் உடற்சூடு நம்மைவிடக் கூடுதல். சிக்கடீக்குப் பகலில் சுமார் 42 டிகிரி! அதாவது இறகுக்கு உள்ளே பிளஸ் 42. இறகுக்கு வெளியே மைனஸ் 33. நடுவில் இருக்கும் 75 டிகிரி வித்தியாசத்தை ஓர் அங்குலம்கூடத் தடிமன் இல்லாத இறகுப் படுகை தாங்கிப் பிடிக்கிறது. குளிரில் பறவைகள் உருண்டையாக உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து "கொழுத்துப்போச்சு" என்று நினைப்போம். உள்ளே இருப்பது காற்று. இறகுகளைச் சிலிர்த்து அவற்றுக்கு நடுவே காற்றைச் சிறைப்பிடிக்கிறது. அந்தக் காற்றுதான் அதற்குக் கம்பளி.

பகலாவது பரவாயில்லை, தின்றுகொண்டே இருக்கலாம். ராத்திரி? மினசோட்டாவில் டிசம்பர் இரவு 15 மணி நேரத்துக்கும் மேல். அவ்வளவு நேரமும் ஒரு பருக்கை கிடையாது. சிக்கடீ என்ன செய்கிறது தெரியுமா? பகல் முழுவதும் தின்று உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கொழுப்பு சேர்க்கிறது. அந்தக் கொழுப்பை அன்று இரவே எரித்துத் தீர்க்கிறது. காலையில் மறுபடி பூஜ்யத்திலிருந்து! ஐம்பது கிலோ மனிதர் ஒருவர் தினமும் ஐந்து கிலோ கொழுப்பு ஏற்றி, விடிவதற்குள் அத்தனையும் கரைத்துவிடுவதை நினைத்துப் பாருங்கள். அப்படித்தான் நவம்பரிலிருந்து மார்ச் வரை ஒவ்வொரு நாளும்.

அதுமட்டும் போதாது. இருட்டியதும் மரப்பொந்து ஒன்றுக்குள் தனியாக நுழைந்து, தன் உடற்சூட்டைத் தானே 10, 12 டிகிரி குறைத்துக்கொள்கிறது! 42-இல் இருந்த உடம்பு 30-ஐ ஒட்டி இறங்குகிறது. மனித உடல் 35-க்குக் கீழே போனாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இந்தக் குருவி அதைவிடக் கீழே இறங்கி, விடிகாலையில் தானே சூடேற்றிக்கொண்டு ஃபீடருக்கு வருகிறது. இரவெல்லாம் நெஞ்சில் இருக்கும் பறக்கும் தசைகளை நடுக்கிக்கொண்டே இருக்கும்; சிறகை ஏற்றும் தசையும் இறக்கும் தசையும் ஒன்றுக்கொன்று எதிராக இழுப்பதால் சிறகு அசையாது, சூடு மட்டும் பிறக்கும். காலையில் வரும் சிக்கடீயின் வால் சில நாள் ஒருபக்கமாக வளைந்திருக்கும். தன் உடம்புக்கு மட்டுமே இடம் கொடுக்கும் பொந்தில் ராத்திரி முழுக்க நெருக்கியடித்துக் கிடந்ததன் அடையாளம் அது. ஜன்னலோரம் காலைக் காபியோடு நிற்பவர்கள் கவனித்துப் பார்க்க வேண்டிய காட்சி.

சரி, கால்? இறகு இல்லாத குச்சிக்கால்! இரும்புக் கம்பியில் உட்கார்ந்தும் ஏன் ஒட்டிக்கொள்வதில்லை? பறவைக் காலில் வியர்வைச் சுரப்பி இல்லை. ஈரம் இல்லாததால் உலோகத்தோடு உறைந்து பிடிப்பதில்லை. மேலும் காலுக்கு இறங்கும் சூடான ரத்தக்குழாயும், காலிலிருந்து ஏறும் குளிர்ந்த ரத்தக்குழாயும் ஒட்டி உரசிக்கொண்டு ஓடுகின்றன. இறங்கும் ரத்தம் தன் சூட்டை ஏறும் ரத்தத்துக்குக் கொடுத்துவிட்டே கீழே போகிறது. உடம்பின் சூடு உடம்புக்கே திரும்பிவிடுகிறது. பாதம் உறையாத அளவுக்கு மட்டும் ஒரு துளிச் சூடு. அங்கே இருப்பதும் பெரும்பாலும் எலும்பும் தசைநாணும்தான், உறைந்து கெடுவதற்கு அதிகம் சதை இல்லை.

இத்தனைக்கும் மேலே என்னை மலைக்கவைப்பது அதன் ஞாபகசக்தி. சிக்கடீ எடுத்துப்போகும் விதை எல்லாவற்றையும் தின்பதில்லை. பலவற்றை மரப்பட்டை இடுக்கில், பாசிக்கு அடியில், ஊசியிலைக் கொத்தில் ஒளித்துவைக்கிறது. ஓரிடத்துக்கு ஒரு விதைதான்! ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கான ஒளிவிடங்கள். அவற்றில் பலவும் நினைவிருக்கின்றன. எங்கே வைத்தோம் என்பது மட்டுமா? எந்த இடத்தில் நல்ல விதை, எந்த இடத்தை ஏற்கெனவே காலி செய்தாயிற்று என்பதும் தெரியும். நான்கு வாரம் கழித்தும் மறப்பதில்லை என்று கனடாவில் செய்த சோதனைகள் காட்டின. அலாஸ்காவின் சிக்கடீயையும் கொலராடோவின் சிக்கடீயையும் ஒரே கூடத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். 2002-இல் முடிவு வந்தது. குளிர் கடுமையான அலாஸ்கா பறவைதான் கூடுதலாக ஒளித்தது, கூடுதல் துல்லியமாகத் தேடி எடுத்தது. மூளையில் நினைவுக்கு உரிய ஹிப்போகேம்பஸ் பகுதியும் அதற்குப் பெரிது, அங்கே நரம்பணுக்களும் அதிகம்.

2024-இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். ஒவ்வொரு விதையை ஒளிக்கும்போதும் ஹிப்போகேம்பஸில் அந்த ஒரு விதைக்கே உரிய தனி மின்துடிப்பு வரிசை ஒன்று எழுகிறது. அதே விதையை எடுக்கத் திரும்பி வரும்போது அதே வரிசை மறுபடி எழுகிறது! கடையில் ஒவ்வொரு பொருளிலும் ஒட்டியிருக்கும் பார்கோடு மாதிரி, ஒரு விதைக்கு ஒன்று. ஒரே இடத்தில் இரண்டு தடவை ஒளித்தால் இரண்டுக்கும் வேறு வேறு. ஜன்னலுக்கு வெளியே ஒரு விதையோடு பறந்து போகிறதே, அந்தத் தலைக்குள் நடப்பது இது.

அதன் பேச்சு பற்றித் தெரியுமா? "சிக்-எ-டீ-டீ-டீ" என்று கூவும். பின்னால் வரும் "டீ"க்களை எண்ணிப் பாருங்கள். எதிரி எவ்வளவு ஆபத்தானதோ அவ்வளவு "டீ". பெரிய கொம்பன் ஆந்தையைப் பார்த்தால் குறைவு. அது கனத்த பறவை, குருவியைத் துரத்திப் பிடிப்பதில்லை. வளைந்து நெளிந்து விரட்டும் குட்டி ஆந்தையைக் கண்டால் "டீ" கூடிக்கொண்டே போகும். 2005-இல் இது வெளியானது. இரண்டு வருடம் கழித்து அதே குழு இன்னொன்றையும் கண்டது: மரத்தில் தலைகீழாக இறங்கிவரும் நட்ஹாட்ச் என்ற வேற்றினப் பறவையும் இந்த "டீ"க் கணக்கைக் காதில் வாங்கி, ஆபத்தின் அளவைப் புரிந்து அதற்கேற்ப நடந்துகொள்கிறது. அடுத்த வீட்டுக்காரரின் பாஷை அதற்குத் தெரியும்!

ஒன்றரைப் பவுனுக்கே வாயைப் பிளக்கிறோமே, முக்கால் பவுன் பறவை இருக்கிறது தெரியுமா? பொன்முடி கிங்லெட். சுமார் 6 கிராம். உச்சந்தலையில் மஞ்சள் கோடு. விதையை அவ்வளவாகத் தின்னாது, பூச்சிதான் வேண்டும். மைனஸ் 30-இல் பூச்சிக்கு எங்கே போவது? வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் பெர்ண்ட் ஹெய்ன்ரிக் மெய்ன் மாநிலக் காட்டில் தன் மரக்குடிலில் தங்கிப் பல குளிர்காலம் இதைத் தொடர்ந்தார். கிளைகளில் விறைத்துக் கிடக்கும் கம்பளிப்புழுக்களைத்தான், அதிலும் முழம் போடுவதுபோல் வளைந்து நகரும் அந்தச் சிறு புழுக்களைத்தான், அது பொறுக்கித் தின்கிறது என்று கண்டார். ராத்திரிக்கு என்ன வழி? ஒருநாள் இருட்டில் மரமேறிப் பார்த்தபோது நான்கு கிங்லெட்டுகள் ஒரே பந்தாக ஒட்டிக்கொண்டு, தலையை உள்ளேயும் வாலை வெளியேயும் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. பொந்துகூடக் கிடையாது, வெறும் கிளை!

கூடித் தூங்குவதில் மேற்குப் பக்கத்துக் குட்டி நட்ஹாட்ச்சை மிஞ்ச ஆளில்லை. ஒரே மரத்தின் பொந்துகளுக்குள் நூற்றுக்கும் மேற்பட்டவை போய் அடைந்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

ரெட்போல் வேறு வழி பிடித்திருக்கிறது. நெற்றியில் சிவப்புப் பொட்டு வைத்த சின்னப் பறவை; துருவப் பக்கத்திலிருந்து சில வருடம் கூட்டமாக இறங்கி வந்து ஃபீடரை மொய்க்கும். தொண்டைக்குள் தனியாக ஒரு பை இருக்கிறது. பொழுது சாயும் நேரத்தில் பிர்ச் மர விதைகளை அவசர அவசரமாக அதில் நிரப்பிக்கொண்டு, பாதுகாப்பான இடத்துக்குப் போய், ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாகச் செரிக்கிறது. கட்டுச்சோறு! வெண்பனிக்குள் சுரங்கம் தோண்டிப் படுத்துக்கொள்ளவும் செய்யும். மேலே மைனஸ் 30 என்றாலும் ஆழமான பனிக்கு அடியில் அந்தக் கடுமை இறங்காது, பனியே போர்வை. சோதனைக் கூடத்தில் மைனஸ் 54 வரை இது தாக்குப்பிடித்திருக்கிறது.

இனி நம்மைத் தொடும் ஒரு சங்கதி. அமெரிக்கக் கடைகளில் பறவைத் தீனி வாங்கப் போனால் கறுப்புச் சூரியகாந்தி, நிலக்கடலை, மாட்டுக் கொழுப்புக் கட்டி, இவற்றோடு ஊசி போல மெல்லிய ஒரு கறுப்பு விதை இருக்கும். விலையும் அதிகம். மஞ்சள் கோல்ட்ஃபிஞ்ச்சுக்கும் ரெட்போலுக்கும் அது உயிர். அதை வெளிவிட மயிரிழைத் துளை போட்ட தனிக் குழாய் ஃபீடரே விற்கிறார்கள். அந்த விதை எங்கிருந்து வருகிறது தெரியுமா? எத்தியோப்பியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும்! நம் பேயெள்ளுதான் அது. ஒடிசா, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேச மலைச்சரிவுகளில் பழங்குடி விவசாயிகள் மானாவாரியாக விதைக்கும் எண்ணெய் வித்து. கப்பலேறிப் போய், கூடவே வரும் களை விதைகள் முளைக்காதபடி சூடு காட்டப்பட்டு, மினசோட்டாவில் ஒரு ஜன்னலுக்கு வெளியே தொங்குகிறது. மலையடிவாரத்து விவசாயியின் ஒரு பிடி எண்ணெய்தான் அங்கே ஒரு குருவியின் இரவை ஓட்டுகிறது என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

"தீனி போட்டுப் பழக்கினால் பறவை சோம்பேறியாகிவிடாதா?" எல்லோருக்கும் வருகிற சந்தேகம்தான். விஸ்கான்சின் மாநிலத்தில் இதைச் சோதித்தார்கள். கடுங்குளிர் மாதங்களில் ஃபீடர் இருந்த இடத்துச் சிக்கடீக்களில் 69 சதவீதம் குளிர்காலத்தைத் தாண்டின. ஃபீடர் இல்லாத இடத்தில் 37 சதவீதம்தான். ஏறக்குறைய இரட்டிப்பு! ஆனால் ஃபீடர் பக்கத்திலேயே இருந்தாலும் அவை தங்கள் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு போலத்தான் அதிலிருந்து எடுத்தன. மீதியைக் காட்டில் தாங்களே தேடிக்கொண்டன. பிறகு, 25 வருடமாகத் தீனி போட்டுவந்த இடத்தில் திடீரென்று நிறுத்திப் பார்த்தார்கள். பழகிய பறவைகளும் பழகாத பறவைகளும் ஒரே மாதிரி பிழைத்தன. கொடுத்தால் உதவி, கொடுக்காவிட்டால் சுயசம்பாத்தியம். தாராளமாகப் போடலாம்.

ஜன்னலில் வரும் மற்றவர்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். வெள்ளைப் பனியில் ரத்தச் சிவப்பாக வந்து இறங்கும் கார்டினல், பழங்களில் இருக்கும் நிறமியைத் தின்றே அந்தச் சிவப்பைப் பெறுகிறது. குளிர்காலத்திலும் அது வெளுப்பதில்லை. ப்ளூ ஜேயின் நீலமோ நிறமியே இல்லை! இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தெரியும் நீலம் அது. இறகைப் பொடித்தால் பழுப்புத்தான் மிஞ்சும். பருந்தின் குரலில் கத்தும் வேலையும் ப்ளூ ஜேக்குத் தெரியும். பக்கத்துப் புதரில் கிசுகிசுக்கும் கூட்டம் நம் வீட்டுச் சிட்டுக்குருவியேதான். 1851-இல் நியூயார்க் அருகே புரூக்ளினில் கொண்டுவந்து விட்டவை, இன்று கண்டம் முழுக்க. கனடாவின் யூகான் பகுதியில் வாக்ஸ்விங் பறவைகள் மரத்திலேயே நொதித்துப்போன பழங்களைத் தின்று போதையேறி, சுவரில் மோதி விழும். 2014-இல் அங்கே அரசின் விலங்கு நலப் பிரிவு அவற்றைச் சின்னக் கூண்டுகளில் வைத்து, தெளிந்ததும் பறக்கவிட்டது!

அதே கனடாவின் வான்கூவரில் இன்னொரு வினோதம்: பனி பெய்யும் ஜனவரியில் தேன்சிட்டு அளவேயான அன்னா ஹம்மிங்பேர்ட்! 2017-இல் அந்த நகரத்தின் பறவையாகவே மக்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். உறைபனி நாட்களில் சர்க்கரைத் தண்ணீர் கட்டியாகிவிடும். அதனால் இரண்டு ஃபீடர் வைத்துக்கொண்டு, ஒன்று வீட்டுக்குள் இளகும்போது இன்னொன்றை வெளியே மாட்டுகிறார்கள். நாலு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, வேறெதுவும் கலப்பதில்லை.

வீட்டுக்குள் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பது சும்மா பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். 1976-இல் கனடாவின் ஒன்டாரியோவில் ஃபீடருக்கு வரும் பறவைகளை வீட்டுக்காரர்களே எண்ணி எழுதி அனுப்பும் கணக்கெடுப்பு தொடங்கியது. 1987-இல் கார்னெல் பறவையியல் ஆய்வகம் சேர்ந்துகொள்ள, அது கண்டம் தழுவிய 'ப்ராஜெக்ட் ஃபீடர்வாட்ச்' ஆனது. எண்ணும் விதி அழகானது: ஒரே பறவை பத்து தடவை வந்து போகலாமே? ஆகவே ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் எழுத வேண்டும்.

1994 வாக்கில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் அருகே ஹவுஸ் ஃபிஞ்ச் பறவைகள் கண் வீங்கி, மூடி, ஃபீடரில் தடுமாறுவதை முதலில் கவனித்தவர்கள் இப்படி ஜன்னலோரம் நின்றவர்கள்தான். கோழிகளைத் தாக்கும் ஒரு கிருமி காட்டுப் பறவைக்குத் தாவியிருந்தது. அது கிழக்குக் கரையெங்கும் பரவிய வேகத்தை ஊர் ஊராக வரைபடத்தில் குறிக்க முடிந்தது வீட்டுக்காரர்கள் அனுப்பிய குறிப்புகளால். ஃபீடரை அடிக்கடி கழுவுங்கள், ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்து நன்றாக உலர்த்துங்கள் என்று இன்று சொல்வது இதனால்தான்.

பிப்ரவரி நடுவில் நான்கு நாள் நடக்கும் 'கிரேட் பேக்யார்டு பேர்ட் கவுன்ட்' என்ற கணக்கெடுப்பு 1998-இல் தொடங்கி, 2013 முதல் உலகம் முழுவதற்கும் திறந்துவிடப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்தும் பட்டியல்கள் போகின்றன. 15 நிமிடம் பார்த்து எண்ணினால் போதும்.

ஜன்னல் கண்ணாடி விஷயத்தில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். பறவைக்குக் கண்ணாடி தெரியாது. அதில் தெரியும் வானத்தையும் மரத்தையும் நிஜம் என்று நம்பி மோதும். அமெரிக்காவில் மட்டும் வருடத்துக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடிப் பறவைகள் வரை இப்படிச் சாகின்றன என்பது 2014-இல் வந்த மதிப்பீடு. படிக்கும்போதே வயிறு கலங்குகிறது. ஃபீடரை ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் மாட்டினால், கிளம்பும் பறவைக்கு அடிபடும் அளவு வேகம் கிடைக்காது. ஐந்தாறு மீட்டர் தள்ளி மாட்டுவதுதான் மோசம். கண்ணாடியின் வெளிப்பக்கம் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் புள்ளி ஒட்டிவிட்டால் பறவைக்குத் தடுப்பு தெரிந்துவிடும். கிட்டே மாட்டுவது பார்க்கிறவருக்கும் நல்லது, வளைந்த வால்கூடத் தெளிவாகத் தெரியும்!

கடைசியாக, வடக்குக் காட்டோரத்து வீடுகளில் மட்டும் வந்து கையிலிருந்தே கடலை வாங்கிப் போகும் கனடா ஜே. சாம்பல் நிறம், புறாவைவிடச் சிறியது. எச்சிலையே பசையாக்கி உணவுத் துண்டுகளை மரத்தில் ஒட்டிவைக்கிறது. உறைகுளிர்தான் அதற்குக் குளிர்சாதனப் பெட்டி. எப்போது முட்டையிடும் தெரியுமா? பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும்! சுற்றிலும் பனி, மைனஸ் 30 வரை இறங்கும் இரவுகள், தாய்ப்பறவை முட்டைமேல் உட்கார்ந்திருக்கும். ஒன்டாரியோவின் அல்கோன்குயின் பூங்காவில் 1960-களிலிருந்து இந்தப் பறவைகளுக்கு நிற வளையம் மாட்டித் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். பூங்காவில் அவற்றின் எண்ணிக்கை பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. ஆய்வாளர்கள் சொல்லும் காரணம், இலையுதிர்காலம் முன்னைவிடச் சூடாக இருப்பது: ஒட்டிவைத்த உணவு உறைவதற்கு முன்பே கெட்டுவிடுகிறது; குஞ்சுக்கு ஊட்டக் கையிருப்பு இல்லை. மைனஸ் 30-இல் அடைகாக்கும் பறவைக்கு இன்று ஆபத்தாக இருப்பது போதாத குளிர்.